சீல் உடைத்த டின்

ஆத்தா,

இன்று காலை அனுமந்தன்பட்டி திராட்சைக் குளிர்கிடங்கில் கம்ப்ரசருக்கு ஊற்றப் புது எண்ணெய் டின்னைத் திறந்தேன். அந்த வாடையில் உன் லேப் நினைவுக்கு வந்தது. லோயர் கேம்ப் முதல் ஆண்டிபட்டி வரை என் கை படாமல் எந்தக் குளிர்பெட்டியும் குளிராது என்பது ஊரறிந்த சேதி. எட்டாம் வகுப்போடு நின்றவன் என்பதை ஊர் மறந்துவிட்டது, நானும் ஞாபகப்படுத்துவதில்லை.

என் அக்கா மகள் நீ, மதுரையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்ததும் என்னை லேப்புக்குக் கூட்டிப்போனாய். கண்ணாடி வைத்த இரும்புக் கூட்டுக்குள் எண்ணெயும் கேஸும் கலந்து கிடந்தன. தலைமுடி பருமனில் ஒரு குழாய்; அதில் கலவை தானாக ஏறி நின்றது.

"எவ்வளவு ஏறுதோ அதை வச்சுப் பரப்பு இழுவிசையைக் கண்டுபிடிக்கலாம் மாமா. கம்ப்ரசருக்குள்ள எண்ணெய் எப்படிப் பரவும், எப்படி நுரைக்கும்னு அதுல தெரியும்."

தொட்டுக்கூடப் பார்க்காத அந்த மெஷினைப் பூட்டிக் கொடுத்ததே நான்தான் என்று ஊர் டீக்கடையில் சொன்னேன்.

சுத்தமான எண்ணெய் வேண்டும் என்று என்னிடம்தான் கேட்டாய். என் கடையில் அன்று சீல் உடைக்காத டின் இல்லை. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு வேலையில் மிஞ்சிய எண்ணெயை நாங்கள் கொட்டமாட்டோம். எந்த எண்ணெயானாலும் இருக்கிற டின்னிலேயே திருப்பி ஊற்றிவிடுவோம். அப்படிக் கலந்த ஒரு டின்னைத் துடைத்து, மூடியை இறுக்கிக் கொடுத்தனுப்பினேன்.

சில மாதம் கழித்து போன் செய்தாய். "குழாயில ஏறுற உயரம் புத்தகத்துல உள்ளதோட ஒத்து வரவே மாட்டேங்குது மாமா. நான்தான் தப்பாப் பாக்குறேன்னு சார் சொல்றாக. அந்த டின் சீல் உடைக்காததுதானே?"

"என்ன ஆத்தா இப்படிக் கேட்டுட்ட? கம்பெனிக்காரனே என்னயக் கேட்டுத்தான் சீல் வைக்கிறான்."

சிரித்தாய். "உங்க வாயை அளக்கத்தான் இன்னும் கருவி வரல."

குழாயை மாற்றினாய். கேஸை மாற்றினாய். காய்ச்சலோடும் லேப்புக்குப் போனாய். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நேரம் கடந்திருந்தது.

விடுதியிலிருந்து வந்த உன் பெட்டியில் ஒரு சின்ன எண்ணெய்ப் பாட்டில் இருந்தது. உன் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தாய்: 'மாமா கொடுத்தது. இதில் சந்தேகம் இல்லை.'

அக்கா அதை உன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். "எந்தம்பி குடுத்ததைத்தான் கடைசிவரைக்கும் நம்புனா" என்று வருகிறவர்களிடம் சொல்கிறாள். எதையும் கூட்டிச் சொல்லத் தெரிந்த நான் எழுந்து வெளியே வந்துவிடுகிறேன்.

இன்று டின்னில் கால்வாசி மிஞ்சியது. எடுத்துக் கொட்டினேன்.

"நல்ல எண்ணெயாச்சே, ஏண்ணே கொட்டுறீக?" என்றார் கிடங்குக் காவல்காரர்.

"சீல் உடைச்சது" என்றேன்.

உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய அந்த இரண்டு வார்த்தையை இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன், அக்காவிடம் தவிர.