காலியாக விட்ட ஐந்தாம் நாள்

என்னங்க,

பழைய ஆஸ்பத்திரியின் அறுபது நோயாளிகளும் இன்று முதல் புதிய கட்டடத்தில். ஒருவருக்குக்கூட ஒரு வேளை மாத்திரை தவறவில்லை. நர்ஸுகள், டிரைவர்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர்கள் என்று முப்பது பேரைக் கட்டி மேய்த்தது நான்!

ஆறு நாள் திட்டத்தில் ஐந்தாம் நாளைக் காலியாக விட்டிருந்தேன். "சும்மா இருக்கறதுக்கு ஒரு நாளா?" என்று பெரிய டாக்டர் சிரித்தார். நீங்களாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்பே உங்களை இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்து, 'அவசரக்குடுக்கை' என்று பட்டம் வாங்கியவள் அல்லவா!

நான்காம் நாள் லிஃப்ட் நின்றுபோனது. இருபது பேர் இன்னும் மாடியில். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"லிஃப்டைச் சரிபண்ணி நாளைக்கு இறக்கிக்கலாம். அதுக்குத்தான் ஒரு நாள் இருக்கே" என்றேன்.

"இனிமே உங்க பேச்சுக்கு மறுபேச்சே இல்லம்மா" என்றார் டாக்டர். எனக்குத் தலைகால் புரியவில்லை. உங்களிடம் சொல்லத்தான் முதலில் திரும்பினேன்.

நீங்கள் கிளம்பிய அன்று மட்டும்தான் நான் ஸ்டேஷனுக்குத் தாமதமாக வந்தேன்; உங்கள் ரயில் போய்விட்டிருந்தது.

வரும் ஞாயிற்றுக்கிழமையையும் காலியாக விட்டிருக்கிறேன். எந்த ரயிலில் வந்தாலும் சரி, இரண்டு மணி நேரம் முன்பே வந்து நிற்பேன்.

உங்கள் அதே
அவசரக்குடுக்கை