உளவாளிக்குத் தமிழ்க் குரல்

அக்டோபர் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. துவைத்தது எதுவும் காயவில்லை. ஃபேனுக்குக் கீழே நாற்காலி முதுகில் இவருடைய யார்டு சட்டைகள், ஈர நாற்றத்தோடு.

கிளினிக்கில் கூட்டம் இல்லை. டோக்கன் கொடுத்த நேரம் போக பேப்பர் படித்தேன். அரைப் பக்கத்துக்கு அந்த இங்கிலீஷ் உளவாளிப் படம். எங்க அப்பா இளவட்டமாக இருந்த காலத்திலிருந்து எடுக்கிறார்கள். நடிகர்கள் மாறுவார்கள், உளவாளி மாறமாட்டான். இந்தத் தடவையும் புது நடிகர். இந்த முகமா உளவாளி என்று லண்டன் பேப்பரெல்லாம் திட்டுகிறதாம். நம்ம பேப்பரும் அதை எடுத்துப் போட்டுச் சிரித்திருக்கிறது.

டாக்டரிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இவர் நின்றபடியே படித்தார். "அவன் இன்னா பண்ணான் பாவம்? படமே வர்ல, அதுக்குள்ள காறித் துப்புறானுங்கோ."

தமிழில் போன மூன்று படத்திலும் உளவாளிக்குப் பேசியது இவர்தான். திரையில் பெயர் போடமாட்டார்கள். எங்கள் தெருவுக்கு மட்டும் தெரியும். முன்பு கோயில் திருவிழாவுக்கு ஆட்டோவில் மைக் கட்டி ராயபுரம் முழுக்க அறிவிப்பு சொன்னவர். அதைக் கேட்டவர் ஒருத்தர்தான் கோடம்பாக்கம் கூட்டிப்போனார். மற்றபடி பகலெல்லாம் திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டு. பெட்டி நம்பர் குறிக்கும் வேலை. டீசல் புகை, தூசி, இருமல்.

இந்தப் படமும் பேசி முடித்தால் டப்பிங் கலைஞர் சங்க அட்டை வாங்கித் தருவதாக மூர்த்தி சார் சொல்லியிருக்கிறார். டப்பிங்கை நடத்துபவர் அவர். அட்டை இருந்தால் சீரியல், விளம்பரம் என்று தினமும் கூப்பிடுவார்கள். யார்டை விட்டுவிடலாம்.

வியாழன் குரல் டெஸ்ட். புது முகத்துக்குப் பொருந்துகிறதா பார்க்க வேண்டுமாம்.

அக்டோபர் 12, வியாழன்

மழை விட்டது. அரை நாள் லீவு போட்டுக் கூடப் போனேன். பீச் ஸ்டேஷனில் ரயில் மாறினோம். வழி முழுக்க இவர் பேசவில்லை, தொண்டையைக் காப்பாற்றுகிறாராம். பிளாஸ்கில் வெந்நீர், மிளகு, பனங்கற்கண்டு. சீட் கேட்ட ஆளுக்குக்கூடக் கையால்தான் ஜாடை.

ஸ்டூடியோவில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னை உட்காரவைத்தார்கள். திரையில் அந்த நடிகர் வாயைத் திறக்க, இவர் குரல் வந்தது. கல்யாணமாகி இவ்வளவு வருஷத்தில் அந்தக் குரலில் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மூர்த்தி சார் கை கொடுத்தார். "பிரமாதம் சேவியர். ஒரு எழுத்துல கூட ராயபுரம் தெரியல. தீபாவளி முடிஞ்சதும் ஆரம்பிச்சிடலாம்."

இவருக்கு அது பெரிய சந்தோஷம். ரயிலில் திரும்பத் திரும்பச் சொன்னார், ஒரு எழுத்துல கூட தெரியலயாம். பிளாஸ்கில் மிச்சமிருந்த வெந்நீரை ஊற்றிக் கொடுத்தேன். சிரித்தேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்தால் வாசலில் பேப்பர்காரப் பெண். வித்யா என்று பேர். படம் வரப்போகிறது, தமிழ்க் குரலைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். கூட ஒரு போட்டோகிராபர்.

காசிமேட்டு வஞ்சிரம் நல்ல வேளையாக வாங்கிவைத்திருந்தேன். சாப்பிட்டார்கள். நல்ல பெண். முள் எடுக்கத் தெரியவில்லை.

டப்பிங் எப்படிச் செய்வது, மூச்சை எங்கே விடுவது, உதட்டை எப்படிப் பார்ப்பது, எல்லாம் இவர் நிதானமாக, சுத்தமான தமிழில் சொன்னார். கோடம்பாக்கத்தில் பேசுகிற மாதிரியே. அந்தப் பெண் பேனாவை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

அப்போது கீழே டீக்கடை ரஃபீக் பாய் குரல் கொடுத்தார். "மாமு! பேப்பர்காரங்கோ வந்துகீறாங்களாமே? இன்னா, நம்மள மறந்துட்டியா?"

இவர் எட்டிப் பார்த்து, "அட இன்னா பாய், மேல வா, குந்து, மீன் கீது" என்றார்.

அந்தப் பெண்ணின் பேனா ஓடத் தொடங்கியது.

பிறகு ஒரே கூட்டம். கீழ் வீட்டு மேரி அக்கா, பாய், மாடிப்படி நிறைய ஆள். "சார், உளவாளி ராயபுரத்துக்காரனா இருந்தா எப்படிப் பேசுவான்?" என்று வித்யா கேட்டாள். இவர் மாட்டேன் என்றார். எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள், பேசு பேசு என்று. பேசினார். படிக்கட்டே அதிரச் சிரித்தோம். நானும்தான்.

அக்டோபர் 17, செவ்வாய்

பேப்பரில் வரவில்லை. வாங்க வேண்டியது: ரவை, தேங்காய் எண்ணெய், இவருக்கு சித்தரத்தை. ஜவுளிக்கடை எம்.சி. ரோட்டில் கால் வைக்க முடியவில்லை, தீபாவளிக் கூட்டம்.

இவர் யார்டில் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டாராம், அடுத்த மாதத்திலிருந்து வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லி. என்னிடம் கேட்கவில்லை. கோபம் வரவில்லை.

அக்டோபர் 19, வியாழன்

வந்துவிட்டது. ஞாயிறு இணைப்பு மாதிரி பெரிதாக, கலரில்.

தலைப்பு: "துப்பாக்கிய கீய போடு நைனா!"

லுங்கியோடு, மீன் தட்டோடு, வாய் நிறையச் சிரித்தபடி இவர் போட்டோ. பக்கத்தில் அந்த நடிகர் உடம்புக்கு லுங்கி கட்டி வரைந்த கார்ட்டூன். மூச்சு விடுவது, உதட்டைப் பார்ப்பது, எதுவும் இல்லை. இவர் சொல்லாத வசனமெல்லாம் இவர் சொன்னதாக. வில்லனைப் பார்த்து 'கலீஜு' என்கிறாராம், கதாநாயகியை 'இன்னாமே' என்கிறாராம். இதைத்தான் நீங்கள் தியேட்டரில் கேட்கப்போகிறீர்கள் என்று முடிகிறது.

கிளினிக்கில் காய்ச்சல்காரர்கள்கூட எழுந்து உட்கார்ந்து படித்தார்கள். "யக்கா, உங்க வூட்டுக்காரரா? ஷோக்கா கீறாரு!" கை கொடுத்தார்கள். டாக்டர் எழுந்துவந்து கை கொடுத்தார்.

சாயங்காலம் பாய் கட்டுரையைக் கடைக் கண்ணாடியில் ஒட்டி, வந்தவருக்கெல்லாம் டீ ஓசி. முனையில் சரவெடி. நம்ம ஆளு, நம்ம பாஷை, பேப்பர்ல வந்துகீதுடா என்று ஒரே ஆட்டம். யார்டிலிருந்து வந்த இவரைத் தோளில் தூக்கினார்கள்.

மேலே வந்து கதவைச் சாத்தினார். முதலிலிருந்து கடைசிவரை படித்தார்.

"ஜெசிந்தா, இத மூர்த்தி சார் பாத்திருப்பாரா?"

அக்டோபர் 20, வெள்ளி

பார்த்திருக்கிறார். காலையிலேயே போன். இவர் ஸ்பீக்கரில் போடவில்லை, ஆனால் மூர்த்தி சார் குரல் எனக்கும் கேட்டது. படக் கம்பெனி ஆட்களுக்கு யாரோ கட்டுரையை அனுப்பிவிட்டார்களாம். உளவாளி வாயைத் திறந்தால் ஜனம் லுங்கியைத்தான் நினைக்கும், ஆக்ஷன் படம் காமெடி ஆகிவிடும் என்கிறார்களாம்.

"என்னால ஒண்ணும் பண்ண முடியல சேவியர். வேற ஆளை வரச் சொல்லிட்டாங்க. டெஸ்ட் டேப்பைப் போட்டுக் காட்டினேன், கேக்கல."

"சரி சார்."

"அட்டை விஷயம் அப்புறம் பார்க்கலாம்."

"சரி சார். சரி சார்."

போனை வைத்துவிட்டு ஷேவ் செய்தார். கன்னத்தில் வெட்டிக்கொண்டார். யார்டுக்குப் போய், வேறு ஆள் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். சூப்பர்வைசரும் பேப்பர் படித்திருக்கிறார். "துப்பாக்கிய கீய போடு" என்று சொல்லித்தான் திரும்பச் சேர்த்துக்கொண்டாராம்.

அக்டோபர் 22, ஞாயிறு

தெருவெல்லாம் பட்டாசுக் காகிதம், நேற்றைய தூறலில் ஊறி.

பூசை முடிவில் ஃபாதர் மைக்கில், "நம் பங்கைச் சேர்ந்த சேவியரின் திறமை பத்திரிகையில் வந்திருக்கிறது, எல்லாரும் கைதட்டுவோம்" என்றார். இவரை எழுந்து நிற்கச் சொன்னார். நின்றார். எல்லாப் பக்கமும் திரும்பிக் கும்பிட்டார்.

வெளியே வந்ததும் சொன்னேன், இவர்களிடம் சொல்லிவிடலாம் என்று.

"இன்னான்னு சொல்றது? நீங்க கைதட்டனதாலதான் போச்சுன்னா?"

அக்டோபர் 24, செவ்வாய்

கிளினிக் போனிலிருந்து வித்யாவுக்குப் பேசினேன். கத்தத்தான் கூப்பிட்டேன். முடியவில்லை.

"அக்கா! நல்லா வந்துச்சு இல்ல? நிறைய லெட்டர் வருது. சார் எப்படி இருக்காரு?"

விஷயத்தைச் சொன்னேன். தான் பாசத்தோடுதான் எழுதியதாகச் சொன்னாள். தலைப்பு வைத்தது வேறு யாரோ. வேண்டுமானால் ஒரு திருத்தம் போடச் சொல்கிறேன் என்றாள். என்ன திருத்தம்? இவர் அப்படிப் பேசமாட்டார் என்றா? பேசுவாரே. வீட்டில் அப்படித்தானே பேசுகிறோம்.

டோக்கனுக்கு ஆள் வந்தது. வைத்துவிட்டேன்.

நவம்பர் 5, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. இவருக்கு இருமல். பேப்பரில் தினம் அந்தப் படம். லண்டனில் திட்டியவர்களே இப்போது புது நடிகரைப் புகழ்கிறார்களாம். பக்கத்தை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் போட்டேன்.

நவம்பர் 17, வெள்ளி

படம் ரிலீஸ். ஞாயிறு மதியக் காட்சிக்கு பாய் தெருவுக்கே டிக்கெட் எடுத்துவிட்டார். வேன் பேசியாகிவிட்டது. இன்றாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

நவம்பர் 19, ஞாயிறு

போனார். நானும். நடு வரிசையில் எங்களை உட்காரவைத்து, தெருவே சுற்றிலும்.

உளவாளி முதல் வார்த்தை பேசினான். கொஞ்சம் மெல்லிய குரல், மூக்கிலிருந்து வருகிற மாதிரி. இப்போது எல்லாரும் திரும்பப்போகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

விசில். கைதட்டல். "மாமு! இன்னா கொரலு மாமு!" மேரி அக்கா எட்டி என் கையைப் பிடித்து அழுதாள். ஒருத்தருக்கும் தெரியவில்லை. அவன் பேசும்போதெல்லாம் இவர் முதுகில் தட்டினார்கள். இவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

இடைவேளையில் பாய் டீ கொண்டுவந்தார். இவர் முகத்தையே பார்த்தார்.

"இன்னா மாமு, பேசும்போ தொண்ட கட்டிக்கினு இருந்துச்சா?"

"ஆமா பாய். கொஞ்சம் சளி."

பாய் கிளாஸை வாங்கிக்கொண்டு போனார்.

வேனில் ஒரே பாட்டு. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது இவர் சொன்னார், "நல்லாத்தான் பேசிகீறான் அவன். மூச்சு மட்டும் தப்பா வுடுறான்."

நவம்பர் 20, திங்கள்

வானம் மூட்டம். தண்ணீர் லாரிக்கு வரிசை. இவர் யார்டுக்குக் கிளம்பி இறங்கி வந்தார். பெண்கள் வழி மறித்தார்கள். "யண்ணா, சினிமாவுல பேசன மாரியே ஒருதபா பேசு. பேசிட்டுப் போ."

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்பார், போய்விடுவார் என்று நினைத்தேன்.

நின்றார். தொண்டையைச் செருமினார். நேற்று திரையில் கேட்ட வசனம் ஒன்றைப் பேசினார். மெல்லிசாக, மூக்கிலிருந்து, மூச்சைத் தப்பான இடத்தில் விட்டு. அப்படியே அந்த ஆளின் குரல்.

கைதட்டினார்கள். லாரி வந்துவிட்டது.