ஆறாவது பாட்டு

அன்புள்ள தம்பிக்கு,

உன் பெண்டாட்டி பாட, நீ சிந்தசைசர் வாசிக்க, நான் மிக்ஸ் செய்த நம் புது ஆல்பத்தின் விமர்சனங்களைப் படித்தேன். உன் பேட்டியையும்தான். ஒன்பது பாட்டு தகர டப்பாவை உருட்டுகிற மாதிரி இருப்பதற்கு அக்காவின் மிக்ஸிங்தான் காரணமாம். சொல்லிக்கொள்.

ஆறாவது பாட்டை மட்டும் எல்லாரும் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள். "இதில்தான் குரலுக்கு மூச்சுவிட இடமிருக்கிறது" என்று ஒருவர் எழுதியதை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறாயாம்.

அந்தப் பாட்டில் நீ இல்லை, தம்பி. உன் டிராக்கை முழுசாக மியூட் செய்துவிட்டேன். வெளியீட்டு விழா மேடையிலும் அப்படித்தான் செய்தேன். நீ கண்ணை மூடி உருகி உருகி வாசித்ததெல்லாம் உன் காதிலிருந்த இயர்ஃபோனுக்கு மட்டும்தான் போனது. ஆல்பத்தை ஒரு தடவை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நீதான் விமர்சனத்தை மட்டும் படிக்கிற ஆளாயிற்றே.

என் மேல் பாயாதே. "ஒரு பாட்டிலாவது அவரு இல்லாம இருக்கணும், அண்ணி" என்று கேட்டது உன் பெண்டாட்டி.

ஊரெல்லாம் அவளைத் தேடுகிறாயாமே. பெட்டியோடு இங்கேதான் இருக்கிறாள். விமர்சனங்களைப் படித்துக் காட்டினேன். அடுத்த ஆல்பம் முழுக்க ஆறாவது பாட்டு மாதிரியே இருக்கட்டும் என்கிறாள்.

இப்படிக்கு,
உன் அக்கா