காருக்குள் படுத்த படம்

ஸ்ட்ரெதம், லண்டன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

காருக்குள் நான் படுத்திருக்கும் படத்தைப் பார்த்ததும், "ஏன் பிள்ளை, வீட்டுக்காரர் வீட்டைவிட்டுக் கலைச்சுப்போட்டினமோ?" என்று பதறிவிட்டீர்கள். அப்படியொன்றுமில்லை. என்னோடு வேலை செய்யும் கௌசியும் நானும் லீவு நாளில் ஒரு கூழாங்கல் கடற்கரையைச் சுற்றிப்பார்க்கப் போனோம். மரமே இல்லாத பாலைவனம் மாதிரி இடம். பகல் முழுக்க நடந்ததில் என் சப்பாத்து வாயைப் பிளந்துவிட்டது. பிறகு கூடாரமடிக்கும் இடமொன்றில் காரை நிறுத்தி, கட்டிக்கொண்டுபோன புட்டைச் சாப்பிட்டு, சீட்டைச் சாய்த்துப் படுத்தோம்.

கொஞ்சம் குளிர்தான். ஊருக்கு வந்திருக்கும் ஷோபா அக்கா இங்கே திரும்பி வரும்போது அவரிடம் உங்கள் பழைய சேலையொன்று கொடுத்துவிடுங்கள், போர்த்திக்கொள்ள.

ஷிப்டுக்கு நேரமாகிறது. பயப்படாதீர்கள் அம்மா. வன்னியில் சண்டைக்குள் இடம்பெயர்ந்து டிராக்டர் பெட்டிக்குள் படுத்தபோது, விடிந்தால் எங்கே போவதென்று எங்களுக்குத் தெரியாது. இந்த முறை வீட்டுச் சாவி என் பைக்குள் இருந்தது.

உங்கள் மகள்,
நிரோஜினி