அபியின் அறைக்குள் சப்பாத்து வேண்டாம்

செவ்வாய் 12

விடியலிலிருந்து மழை. அபியின் அறையைக் கிருமிநாசினி விட்டு இரண்டு தரம் துடைத்தேன். இடுப்பு வலி.

பேத்திக்கு ஆறு வயது. குருதிப் புற்றுநோய், B கலம் என்னும் உயிரணுவில். மருந்து ஏற்றி வீட்டுக்கு விட்டிருக்கிறார்கள். தொற்றோடு போராடும் வெண்குழியங்கள் இல்லையென்றே சொல்லலாம். சின்னத் தொற்றும் ஆளைக் கொண்டுபோகும் என்றார் டொக்டர்.

பின்னேரம் வாசித்தது, மறக்காமலிருக்க: எலும்புக்குள், என்பு மச்சையில், இளம் B கலம் தன் டி.என்.ஏ.யைத் தானே வெட்டும். வெட்டி, துண்டு மாற்றி ஒட்டும். அப்படித்தான் கிருமியைப் பிடிக்கும் புதுப்புதுப் பிறபொருளெதிரிகள். இன்டர்லூக்கின்-7 என்ற சமிக்ஞை மூலக்கூறு அதனிடம் 'பெருகு' என்னும். வெட்டு ஆறும்வரை அந்தக் குரல் அடங்கவேண்டும். வெட்டும் பெருக்கமும் ஒன்றாக நடந்தால் முனைகள் மாறி ஒட்டலாம். மாறி ஒட்டியது பெருகினால், அபிக்கு வந்தது.

தொற்று வந்தால் உடம்பெங்கும் வேறு சமிக்ஞைகள் கிளம்புமே, அவை என்ன செய்யும்? அவையும் இதைக் குழப்புமோ என்று ஆய்வாளர் சிலருக்குச் சந்தேகம். எனக்கு விளங்கியதே சரியோ தெரியாது. விலங்கியல் படிப்பித்தவன்தான்; என் காலத்துப் புத்தகத்தில் இந்த அத்தியாயம் இல்லை.

புதன் 13

பக்கத்தில், காலிக்குப் போகும் வீதியில் குண்டு. பஸ்ஸிலாம். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தேன், கட்டடம் ஒருக்கால் எழும்பி அமர்ந்தது. யன்னல் கண்ணாடி முழுக்க அபியின் கட்டிலில். கன்னத்தில் ஒரு கீறல். மற்றப் பிள்ளை என்றால் ஒன்றுமில்லை, இவளுக்கு இரத்தம் நிற்காது. மருமகள் சாந்தி சீலையால் அமத்திப் பிடித்தபடியே இருந்தாள். மகன் கட்டாரில் வேலை, லைன் கிடைக்கவில்லை.

வீட்டு முன் ஒழுங்கையில் ஒரு கை. வளையல் உடையவில்லை. நாய் மோந்தது. குமார் கல்லெறிந்து துரத்தி, கையின்மேல் சாக்கு போட்டான். பிறகு குந்தியிருந்து ஓங்காளித்துச் சத்தி எடுத்தான். மேல்மாடி அறையில் வாடகைக்கு இருப்பவன், மலைநாட்டு ஹட்டன் பெடியன், புடவைக் கடையில் வேலை.

நான் பல்கனியில் நின்று பார்த்தேன். அவ்வளவுதான்.

யன்னலுக்கு மட்டை அடித்தது. முட்டை வாங்கவில்லை.

வியாழன் 14

விடியத் துவக்குகளோடு ஆமியின் சுற்றிவளைப்பு. படிக்கட்டில் குமாரைப் பிடித்தார்கள்.

"சார், நான் கடையில வேல செய்றவன் சார். ஹட்டன் சார்."

திரும்பத் திரும்ப அதையே சொன்னான். சொல்லச் சொல்ல அடி. துவக்குப் பிடியால் வாயில். படியெல்லாம் இரத்தம். அதை மிதித்த சப்பாத்துகளோடு எங்கள் வீட்டுக்குள் வந்தார்கள். ஒருவனுக்கு இருமல்.

நான் எப்போதும் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்பவன். இன்று அபியின் அறை வாசலில் நின்றேன்.

"மஹத்தயா, சபத்து கலவன்ன. அத் ஹோதன்ன."

சிங்களத்தில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னேன், கை கழுவச் சொன்னேன். இவர்களிடம், நான்.

அவர்களில் பெரியவன் தமிழில் கேட்டான்: "ஏன், உள்ளுக்குக் கோயிலா?"

சிரித்தார்கள். பிள்ளையின் நோயை விளக்கத் தொடங்கினேன். மடையன், வகுப்பில் நிற்கிற நினைப்பு. வசனம் முடியவில்லை. துவக்குப் பிடி தாடையில் இறங்கியது. இரண்டு பல் நாக்கில் கிடந்தன. விழுந்தது வாசலுக்குக் குறுக்கே. திட்டம் ஒன்றுமில்லை, அப்படி விழுந்தேன்.

சத்தத்துக்கு அபி கட்டிலில் எழும்பி இருந்தாள். மொட்டைத் தலை, கன்னத்தில் பிளாஸ்டர். இருமியவன் அவளைப் பார்த்தான். வெளியே போய் நின்றுகொண்டான். இன்னொருவன் சப்பாத்தைக் கழற்றினான். சவர்க்காரம் போட்டுக் கை கழுவினான், நகத்துக்குள்ளும். வாயில் லேஞ்சியைக் கட்டி, என்னைக் கடந்து போய்க் கட்டிலுக்குக் கீழே பார்த்தான்.

"முகுத் நே, சேர்." ஒன்றுமில்லை என்றான்.

குமாரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

சனி 16

வெயில். படிக்கட்டைச் சாந்தி கழுவினாள், கறை போகவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து குமாரின் மாமா வந்தார். பொலிசில் விசாரித்தாராம். "அப்பிடி ஒருத்தன் இல்லைங்கிறாங்க சார்." தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

தாடை வீங்கிச் சீழ் கட்டிவிட்டது. மத்தியானம் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். 102. என் உடம்புக்குள் இப்போது அத்தனை சமிக்ஞைகளும் கத்திக்கொண்டிருக்கும். யார் யாரையோ மறித்தேன், தொற்று நான்தான்.

சாந்தியை அபியோடு உள்ளே பூட்டிக்கொள்ளச் சொன்னேன். பாயை விறாந்தையில் போட்டாயிற்று. சாப்பாடு வாசலில் வைத்துவிட்டு விலகுவது.

கதவுக்குள்ளிருந்து சாந்தி: "மாமா, பிள்ளைக்கு 98.4."

சரி.

அபி கதவைத் தட்டுகிறாள். "அப்பப்பா, கையைக் கழுவிட்டு வாங்கோவன்."

கழுவினேன். நகத்துக்குள்ளும். உள்ளே போகவில்லை.