கழற்றி வைத்த அடைப்பான்

ஜனவரி 20, 2025
தட்டாஞ்சாவடி பட்டறையில் புதுப் பாய்ப்படகுக்குக் கடைசிப் பூச்சு. காலையிலிருந்து ரெசின் நாற்றம். போதாததற்கு மதியம் கலைவாணன் வந்தார். என் கடல் புத்தகத்தைத் திருத்தப் பதிப்பகம் அனுப்பிய ஆள். முப்பது வருடம் நான் பாய் கட்டிப் போனதை, எந்தப் படகிலும் கால் வைக்காதவர் திருத்தப் போகிறார். தினமும் கடற்கரைச் சாலையில் நடக்கிறாராம். அவ்வளவுதான் அவருடைய கடல்.

ஜனவரி 24
'அலைகள் தாலாட்டின' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். தாலாட்டுமாம். என்னை ஒருமுறை தாலாட்டியதில் இரண்டு பல் போச்சு.

பிப்ரவரி 3
ஏழாம் அத்தியாயத்தை எடுக்கச் சொல்கிறார். அது செல்வகுமாரைப் பற்றியது. படகு கரையில் நிற்கும்போது உள்ளே தேங்கும் தண்ணீர் வடிய, பின்பக்கத் துளையின் அடைப்பானைக் கழற்றி வைப்போம். இறக்கும்முன் மாட்ட வேண்டும். போன வருடம் அவன் மறந்தான். நான் கட்டிக் கொடுத்த படகு முகத்துவாரத்திலேயே மூழ்கியது. நல்ல வேளை, ஆட்கள் நீந்திக் கரையேறினார்கள். மறக்கிற விஷயமா இது? வேட்டி கட்ட மறந்து வீட்டை விட்டுக் கிளம்புவானா? பெயரைப் போட்டே எழுதினேன்.

"கமலவேணி மேடம், அவரு டூரிஸ்ட்டுகளை ஏத்திட்டுப் போய்தான் பொழைக்கிறாரு. இது புஸ்தகமா வந்தா யாரு அவரு படகுல ஏறுவாங்க?" என்றார்.

ஏறக் கூடாது என்றுதானே எழுதினேன். அந்த அத்தியாயம் இல்லையென்றால் புத்தகமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 4
பதிப்பகத்திலிருந்து போன். கலைவாணன் சொல்வதுதான் முடிவாம். தூ.

பிப்ரவரி 16
புதுப் படகின் முதல் ஓட்டத்துக்கு அந்த ஆளைக் கூட்டிப் போகிறேன். குடல் வெளியே வரட்டும். பிறகு திருத்தட்டும்.

பிப்ரவரி 23
தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் சூடம் ஏற்றி, தேங்காய் உடைத்துப் படகை இறக்கினோம். கலைவாணன் கல்யாணத்துக்கு வந்தவர் போல வெள்ளைச் சட்டை, புது ஷூ. ஷூவைத் திட்டினேன். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிய லட்சணத்தைத் திட்டினேன். கயிற்றைப் பிடித்த விதத்தைத் திட்டினேன். திட்டிக்கொண்டேதான் பாயை ஏற்றினேன்.

முகத்துவாரம் தாண்டியதும் கேட்டார், "மேடம், உள்ள இவ்ளோ தண்ணி வர்றது வழக்கந்தானா?"

கணுக்கால் நனைந்திருந்தது. அடைப்பான் கரையில், என் ஸ்கூட்டர் பெட்டிக்குள். நானேதான் பத்திரமாக எடுத்து வைத்தேன் — ஐயோ, நானேதான்.

அந்த மனிதர் வாந்தி எடுத்துக்கொண்டே சட்டையைக் கழற்றிச் சுருட்டித் துளையில் திணித்து, காலால் மிதித்துக்கொண்டு நின்றார். கயிறு வீசி எங்களை இழுத்து வந்தது செல்வகுமார். கரையில் விட்டுவிட்டு அடுத்த டூரிஸ்ட்டுகளை ஏற்றப் போய்விட்டான். சிரித்தாவது தொலைத்திருக்கலாம், பாவி.

பிப்ரவரி 24
முட்டாள். முட்டாள்.

மார்ச் 9
ஏழாம் அத்தியாயத்தைக் கலைவாணனுக்கு அனுப்பிவிட்டேன். தாலாட்டு வரியை அடித்துவிட்டேன், அதில் மாற்றமில்லை. அத்தியாயத்தில் ஒரு வசையையும் குறைக்கவில்லை. தேதியையும் படகையும் மாற்றினேன். செல்வகுமார் என்றிருந்த இடங்களில் எல்லாம் கமலவேணி என்று போட்டேன்.