குப்பைமேடு அடுத்த தெருவில்

மார்ச் 4

மறுபடியும் தக்காளிச் சண்டை. வீட்டின் பின்பக்கம் அவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது. ஒரே ஒரு தக்காளிச் செடி வைக்கிறேன் என்றால் அத்தை விடுவதில்லை. பூச்செடி எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம், காய் மட்டும் கூடாது. ஏன்? “கடையில கிடைக்காததா?” அவ்வளவுதான் பதில். இவரைக் கேட்டால், “அம்மா விஷயத்துல என்னை இழுக்காதே” என்று பேப்பருக்குள் தலையை விட்டுக்கொள்கிறார். வீட்டில் அமைதி வேண்டுமே என்று விட்டுவிட்டேன். சரி, கொஞ்சம் பயமும்தான்.

இனி கவலை இல்லை. வாய்க்கால் ஓரத்து மைதானத்தை எங்கள் பெண்கள் குழுவுக்குக் காய்கறித் தோட்டம் போட நகராட்சி தரப்போகிறதாம்! தையல்கடையில் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டே மனசுக்குள் பாத்தி கட்டிவிட்டேன்.

மார்ச் 9

முட்டுக்கட்டை விழுந்துவிட்டது. மண்ணைச் சோதிக்க ஒரு பெண் அதிகாரி வந்தாள். என்னைவிடச் சின்னவள், ஆனால் கறார். “உங்க ஊர்ப் பழைய குப்பைமேடு எங்க இருந்துச்சு?” என்றாள். எல்லோரும் முழித்தோம். நகராட்சியிலும் யாருக்கும் தெரியவில்லை.

“அந்தக் காலத்துல பேட்டரி, பெயின்ட், மருந்து எல்லாத்தையும் ஒண்ணாத்தான் கொட்டுவாங்க. அது இந்த மைதானத்துக்கு அடியில இருந்தா இங்க விளையறதைச் சாப்பிட முடியாது. மைதானம் முழுக்கத் தோண்டிப் பாக்கவும் எங்ககிட்ட பணம் இல்லை. எங்கன்னு மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க. இல்லைன்னா இடம் பார்க்கிங்குக்குப் போயிடும்.”

பார்க்கிங்கா! நானே கண்டுபிடிக்கிறேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

மார்ச் 12

பேக்கரிக்காரர்: “தபால் ஆபீஸ் பின்னாடிதாம்மா. சந்தேகமே வேண்டாம்.”

தபால் ஆபீஸ் அக்கா: “யார் சொன்னா? பேக்கரிக்குப் பின்னாடி! அந்த நாத்தம் இன்னும் மூக்குல நிக்குது.”

வீட்டுக்கு வந்து அத்தையைக் கேட்டேன். “வாய்க்கால் ஓரம்தான். உங்க மைதானமேதான்” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

மார்ச் 13

துணி வெட்டும் காகிதத்தில் ஊரை வரைந்து, அவரவர் சொன்ன இடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தேன். ஊருக்கே அம்மை போட்ட மாதிரி இருக்கிறது. எல்லோரும் தங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் தள்ள முடியுமோ அவ்வளவு தூரத்தில் தள்ளியிருக்கிறார்கள். வீட்டு விலை இறங்கிவிடுமாம். இந்த ஊரில் அடுத்த தெருக்காரர்கள் மட்டும்தான் குப்பை போட்டிருப்பார்கள் போலிருக்கிறது!

மார்ச் 16

கேள்வியை மாற்றிவிட்டேன். தற்செயல்தான். சைக்கிள் கடைக்காரரும் “தெரியாதும்மா” என்று நழுவினார். சும்மா இருக்கட்டும் என்று, “சின்ன வயசுல அங்கேர்ந்து ஏதாவது எடுத்துட்டு வந்திருக்கீங்களா?” என்றேன். மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

“டயரு! ஒரு தட்டு தட்ட வேண்டாம், விட்டா தானா உருண்டு சந்தை வாசல்ல வந்து நிக்கும். நான் பின்னாடியே ஓடி வருவேன்.”

உடனே தபால் ஆபீஸ் அக்காவிடம் ஓடினேன். “தகரத்து மேல உக்காந்து வாய்க்கால் வரைக்கும் சறுக்குவோம். பாரு, இந்தப் பல்லு அங்க போனதுதான்” என்று கட்டுப்பல்லைக் கழற்றியே காட்டிவிட்டார். பின்னால் வரிசையில் நின்றவர் ஸ்டாம்ப் வாங்காமலே போய்விட்டார்.

மார்ச் 17

இஸ்திரி போடும்போது பளிச்சென்று புரிந்தது. டயர் சந்தைக்கு உருண்டது. தகரம் வாய்க்காலுக்குச் சறுக்கியது. அப்படியானால் குப்பை இருந்தது மேட்டில். எங்கள் மைதானமோ பள்ளம். தோட்டம் பிழைத்தது! சட்டை கருகிவிட்டது, போகட்டும்.

ஒரு நிமிஷம் — இந்தத் தட்டை ஊரில் அப்படி இரண்டு பக்கமும் சரிகிற மேடு ஒன்றுதானே?

எங்கள் தெரு.

மார்ச் 18

பூச்செடி மட்டும் வைக்கலாம், காய் கூடாது. அத்தைக்குத் தெரியும். எல்லாம் தெரியும்.

மார்ச் 20

“கதை நல்லா இருக்கு. ஆனா கண்ணால பாக்கணுமே. மேட்டுல ஒரு குழி தோண்டிக் காட்டுங்க” என்கிறாள் அதிகாரி. தெருவில் எல்லோரும் பின்பக்கம் சிமென்ட் போட்டுவிட்டார்கள். மண் இருப்பது எங்கள் வீட்டில் மட்டும்.

பேசாமல் இருந்துவிடலாமா? இதுவும் நம் வீட்டு விலைதானே? ச்சே, ஊரையே கிண்டல் பண்ணிட்டு இப்ப நான் மட்டும் என்ன ஒழுங்கு?

மார்ச் 22

கேட்டுவிட்டேன். “தெரிஞ்சுக்கிட்டே எங்க மைதானத்தைக் காட்டினீங்களே அத்தை, நியாயமா?” என்று கொஞ்சம் சத்தமாகவே.

அத்தை துணி மடிப்பதை நிறுத்தினார். “வெக்கம்மா. நான் கல்யாணமாகி வந்தப்ப பாதி குப்பைமேடு அப்படியே இருந்துச்சு. எங்க வீட்டுலேர்ந்து யாராவது வர்றாங்கன்னா நானே பஸ் ஸ்டாண்டுல போய் நின்னு, சுத்தி வேற வழியா கூட்டிட்டு வருவேன். என் தங்கச்சிக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.”

கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவமாக இருந்தது. குழிக்கு மட்டும் சரியென்று சொல்லவில்லை; எழுந்து போய்விட்டார்.

மார்ச் 23

காலையில் பின்பக்கம் போனால் அத்தை பூச்செடிகளை வேரோடு எடுத்துத் தொட்டிகளில் நட்டுக்கொண்டிருக்கிறார்.

“குழி தோண்டறதுக்குச் செடி என்ன பாவம் பண்ணுச்சு? அந்த மூலையில தோண்டாதீங்க, அங்க ஒண்ணும் இருக்காது. இங்க தோண்டுங்க.”

இவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டுக் கடப்பாரை தேடப் போனார்!

மார்ச் 26

முழங்கால் ஆழத்திலேயே வந்துவிட்டது. உடைந்த பீங்கான் தட்டுகள், நீல மருந்து பாட்டில்கள், துருப்பிடித்த பேட்டரி, ஒற்றைச் செருப்பு. பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேலிருந்து, “இனிமே என் வீட்டை யாருங்க வாங்குவா?” என்று புலம்பினார். “விக்கப் போறீங்களா என்ன?” என்றார் அத்தை. இல்லையாம்.

அதிகாரி நிறைய போட்டோ எடுத்தாள். குடியிருக்கலாம், இங்கே விளைவதை மட்டும் சாப்பிட வேண்டாம் என்றாள். “அதைத்தானே இத்தனை வருஷமா சொல்றேன்?” என்று அத்தை என்னைப் பார்த்தார். என்றைக்குச் சொன்னார்!

ஏப்ரல் 2

மைதானம் எங்களுக்கு!! கையெழுத்துப் போட்டாயிற்று.

ஏப்ரல் 19

தக்காளி நாற்று நட்டு முடித்தோம். இடுப்பு ஒடிந்துவிட்டது.

மாலை அத்தையின் தங்கை போன் பண்ணினார், நாளை வருகிறாராம். “நான் பஸ் ஸ்டாண்டுக்கு வர்றேன் சித்தி” என்று ஆரம்பித்தேன். அத்தை என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டார்.

“யாரும் வர மாட்டாங்க, நீயே வா. சந்தையிலேர்ந்து நேரா மேட்டுல ஏறு. பழைய குப்பைமேடு எங்கன்னு கேளு, யார் வேணும்னாலும் காட்டுவாங்க. அது மேலதான் நம்ம வீடு.”